பிரிக்காத புத்தகத்துக்கு ஒரு விமர்சனம்

அலமாரியில் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தொகுப்பு ஒன்று பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு நின்றது.

"வில்லன் சப்பை. நடுவுல ஒரே இழுவை," என்றது காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி.

"உனக்கு ரசனையே கிடையாது. கிளைமாக்ஸ்ல நான் தேம்பித் தேம்பி அழுதேன்!" என்று மீசையை ஆட்டியது கரப்பான்.

பேச்சு முற்றி, இனி முகத்திலேயே முழிப்பதில்லை என்று இரண்டும் கிளம்பின.

"உறையே பிரிக்கலையே, எப்படிப் படிச்சீங்க?" என்றது பல்லி.

"படிக்க வேற செய்யணுமா?" என்று இரண்டும் சேர்ந்து சீறின.

அப்போது புத்தகத்தின் சொந்தக்காரர் அறிவழகன் வந்தார். உறையோடு போட்டோ எடுத்தார். "ஒரே மூச்சில் படித்தேன். முடிவு மட்டும் சொதப்பல்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனில் பதிவு போட்டுவிட்டுப் போனார்.

பூச்சி நெகிழ்ந்துபோனது. "அண்ணே, இவரு நம்மாளா?"

"சந்தேகமே இல்ல," என்றது கரப்பான். "கால்தான் நாலு குறையுது."