முப்பதைத் தாண்டாதவர்

“ஹெல்மெட்டைக் கழட்டிட்டு காபியைக் குடிங்க. ரேஸ் நாளைக்குத்தான்.”

மனைவி சொன்னது டிரைவரின் காதில் சரியாக விழவில்லை. முகத்தை முழுதாக மூடும் புது ஹெல்மெட் இரண்டு காதையும் இறுக்கிப் பிடித்திருந்தது. சாப்பாட்டு மேசை முன் விறைப்பாக உட்கார்ந்து, டம்ளரை எந்த வழியாக வாய்க்குக் கொண்டுபோவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்ன?”

“ஒண்ணுமில்ல. ரொம்ப அழகா இருக்கீங்கன்னு சொன்னேன்.”

ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிரைவிங் பள்ளியில் அவருக்கு நாளை முதல் நான்கு நாள் பயிற்சி. தங்குவது, சாப்பிடுவது எல்லாம் அங்கேயே. வேலை செய்யும் இடத்திலிருந்துதான் அனுப்புகிறார்கள். அந்தச் செய்தி தெரிந்த நாளிலிருந்து அங்கே ஒருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஏனென்றால் அங்கே அவருக்கு வைத்திருக்கும் பெயரே ‘முப்பது’. அது வயதுமில்லை, சம்பளமுமில்லை. அவர் வண்டியில் ஸ்பீடோமீட்டர் முள் முப்பதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை.

கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. மகள் அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பள்ளியிலிருந்து செல்போனுக்கு வந்த குறிப்பைப் படித்தாள்.

“அப்பா, பருத்தி சட்டைதான் போடணுமாம். நைலான் கூடாதாம். ஷூவோட அடி மெல்லிசா இருக்கணுமாம். அப்பதான் எவ்வளவு மிதிக்கிறோம்னு காலுக்குத் தெரியுமாம்.”

“உங்கப்பாவுக்கு அந்தக் கவலையே வேண்டாம். மிதிச்சாத்தானே!” என்றாள் மனைவி, பனியனை மடித்தபடி.

“நீ வேற,” என்றார் டிரைவர், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

“பொய்யா சொல்றேன்? இவர் பின்னாடி ஸ்கூட்டர்ல ஏறி ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினா, குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்னிக்குத்தான் போய்ச் சேர முடியும். போன வாரம் ஒருத்தர் நடந்தே நம்மளைத் தாண்டிப் போனாரே, மறந்துட்டீங்களா?”

“அவர் ஓடினார்.”

“பஸ்ஸைப் பிடிக்க ஓடல. உங்க பின்னாடி மாட்டிக்கக்கூடாதுன்னு ஓடினார்.”

மகள் அவரை நாற்காலியோடு நடுக்கூடத்துக்கு இழுத்துவந்தாள். கையில் ஒரு பாத்திர மூடியைக் கொடுத்தாள்.

“இதுதான் ஸ்டியரிங். நான் திருப்பம் சொல்வேன், நீங்க திருப்பணும். ரெடியா? நேரா போறீங்க... வேகம், வேகம்... இடது திருப்பம்!”

டிரைவர் மூடியை இடது பக்கம் திருப்பினார். திருப்புவதற்கு முன் விரல் ஒன்றை நீட்டி எதையோ தட்டினார்.

“அது என்னப்பா?”

“இண்டிகேட்டர்.”

மகள் பெட்டிமேல் விழுந்து சிரித்தாள். “ரேஸ்ல இண்டிகேட்டர் போட்டுத் திரும்புற முதல் ஆள் நீங்கதான்!”

மனைவிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் மூடியைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தாள். விளையாட்டு முடிந்தும் பிடி தளரவில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து, ஹெல்மெட்டைத் தானே மெல்லக் கழற்றினாள். நெற்றியெல்லாம் வியர்வை.

“பயமா இருக்கா?”

“இருக்கு. வேகத்தைப் பார்த்து இல்ல. இத்தனை வருஷம் பழகின காலு. நாலு நாள்ல சொன்ன பேச்சைக் கேக்குமா?”

“வேற யாரையாச்சும் அனுப்பச் சொல்லுங்களேன். உங்களை யாரு கட்டாயப்படுத்தினா?”

“யாரும் இல்ல. நானாத்தான் போய்க் கேட்டேன்.” டிரைவர் மூடியை மடியில் வைத்துக்கொண்டார். “ரொம்ப நாளா மனசுல கிடந்து உறுத்திட்டே இருந்துச்சு.”

அவள் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். “அப்ப போயிட்டு வாங்க. உங்க காலு நான் சொன்னாக் கேக்கும். நான் சொல்லி அனுப்பறேன்.”

செல்போன் அடித்தது. பள்ளியின் பயிற்சியாளர். சின்ன வயசுப் பெண் குரல். மகள் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள்.

“சார், லிஸ்ட்ல உங்க பேரு மட்டும்தான் இருக்கு, வேற விவரம் இல்ல. அதான் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம்னு கூப்பிட்டேன். நல்லா வண்டி ஓட்டுவீங்களா?”

“இருபது வருஷத்துக்கு மேல ஓட்டறேன் மேடம். ஒரு கீறல்கூட விழுந்ததில்ல.”

“சூப்பர் சார்! எவ்வளவு வேகம் வரைக்கும் போயிருக்கீங்க?”

“முப்பது.”



“நூத்தி முப்பதா சார்?”

“வெறும் முப்பது மேடம்.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சார்... தப்பா நினைச்சுக்காதீங்க. வண்டியில வர்றவங்க திட்ட மாட்டாங்களா?”

“இதுவரைக்கும் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்ல.”

“அவ்வளவு பொறுமைசாலிங்களா? அப்புறம் எதுக்கு சார் இந்த வயசுல உங்களுக்கு வேகம்?”

டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் ‘சொல்லுங்க’ என்று தலையசைத்தாள்.

“நான் இத்தனை வருஷமா ஓட்டினது ஆஸ்பத்திரியோட அமரர் ஊர்தி மேடம். அதுல போனவங்க யாருக்கும் அவசரம் இல்ல,” என்றார். “திங்கக்கிழமையிலேருந்து ஆம்புலன்ஸ் ஓட்டப் போறேன்.”