ரெட்டைப்புள்ளம்மா

சிரிங்கடா, நல்லா சிரிங்க. சிரிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவ குனிஞ்சு அவனவன் காலைப் பாத்துக்கங்க. இந்த சுங்கை பினாங்குல ரெட்டைப்புள்ளம்மா கை படாத காலு எவன் காலுடா?

தங்கராஜு, நீ சிரிக்காத லா. பூசணிக்கா மாதிரி காலை பெஞ்சு மேல வச்சுக்கிட்டு உனக்கென்ன சிரிப்பு? ஜபருல்லா அண்ணே, இவனுக்கு இன்னொரு கோப்பி.

சுளுக்குன்னா நாம என்ன பண்ணுவோம்? ரெட்டைப் புள்ள பெத்தவ கை பட்டா இறங்கிடும்னு அந்தம்மா வீட்டுக்கு ஓடுவோம். "ரெண்டும் ஊர்ல மாமியாகிட்ட வளருது"ன்னு கொடியில தொங்குற ரெண்டு குட்டிச் சட்டையைக் காட்டும். வருசம் ஒம்போதாச்சு, சட்டை மட்டும் வளரவே இல்ல. பள்ளிக்கூடத்த விட்டுப் பாதியில ஓடியாந்தவன் நான், எனக்குத் தோணல, சரி. உங்களுக்கு?

ஆனா அந்தக் கை! மொத நாளு எண்ணெயைத் தொடவே தொடாது. ஈரத்துணி சுத்தி, தலகாணி மேல காலைத் தூக்கி வச்சு, "அசைஞ்சே, அடிப்பேன்"ன்னு அதட்டும். வீக்கம் வடிஞ்சப்புறம்தான் நல்லெண்ணெய். விரலால அமுக்கிப் பாத்தே, "இது சுளுக்கு இல்ல, எலும்பு. பெரியாஸ்பத்திரிக்குப் போ"ன்னு எத்தன பேர ரிக்சாவுல ஏத்திவிட்டிருக்கு!

போன மாசம் அந்தம்மா ஊர்க்காரரு சந்திரசேகரன் அண்ணே கப்பல்ல வந்தாரா? அந்தம்மாவுக்குப் புள்ளையே கெடையாது, அதுக்குத்தான் புருசன் தள்ளி வச்சான்னு சொல்லிட்டாராம். துறைமுகம் பூரா அதே பேச்சு. "ரெட்டையில ஒருத்தன் பேரு பொய்யி, இன்னொருத்தன் பேரு புளுகு"ன்னு ஒரே சிரிப்பு.

அப்புறம் ஒரு பய அந்தப் பக்கம் போகல. தங்கராஜு மூட்டையோட வழுக்கி விழுந்து, வேற எவன்கிட்டயோ போயி மொத நாளே நீவிக்கிட்டு வந்தான். அதான் பூசணிக்கா.

நேத்து மத்தியானம் நான் போனேன்.

வாசல்ல நின்னு என்னன்னு கூப்பிடுறது? பழைய பேரு வாயில வரல. நொண்டிக்கிட்டே, "அம்மா"ன்னேன்.

உள்ள, கொடியில அந்தச் சட்டைங்க இல்ல. எண்ணெய்க் கிண்ணம் கவுந்து கெடந்துச்சு.

"எனக்குத்தான் புள்ள இல்லையே தம்பி. இங்க எதுக்கு வந்தே?"

"பாடாங்கு மைதானத்துல பந்து ஆடுனேன், காலு பெரண்டுக்கிச்சு."

"பெக்காதவ கை. இறங்காது, போ."

"இத்தன வருசமா இறங்குச்சே, அது எவ கை?"

வெறுங்கொடியைப் பாத்துக்கிட்டே மெதுவா சொல்லுச்சு. "அந்தச் சட்டைங்கள நான்தான் தச்சேன். ரெண்டா பொறந்துட்டா சண்ட வரக் கூடாதுல்ல? அதான் ஒரே அளவு."

எனக்கு வாய்க்குள்ள ஒரு நூறு பகடி எப்பவும் இருக்கும். நேத்து என் காலையே பாத்துக்கிட்டு நின்னேன்.

"காலைக் காட்டு"ன்னுச்சு. விரலால அமுக்கிப் பாத்துச்சு. என் மூஞ்சியையும் பாத்துச்சு. ஈரத்துணி சுத்துச்சு, தலகாணி வச்சுச்சு. பொழுது சாயற வரைக்கும் நான் அசையவே இல்ல. எங்கம்மா இருந்திருந்தா இப்படித்தான் அதட்டியிருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்.

கெளம்புறப்போ கூப்பிட்டுச்சு. "தம்பி, வந்தப்ப எடது காலு நொண்டுச்சு. இப்ப வலது நொண்டுது. எதுன்னு முடிவு பண்ணிக்கிட்டு நாளைக்கும் வா."

என்னங்கடா, இப்ப யாரும் சிரிக்கல?

தங்கராஜு, எந்திரி. என் தோள்ல கையப் போடு, போவோம். இவன் காலுக்காவது அந்தம்மா கிண்ணத்தை நிமித்தட்டும்.

சந்திரசேகரன் அண்ணே மேல எவனும் கோவப்படாதீங்க. அவரு என் ஒருத்தன்கிட்டதான் சொன்னாரு. "வெளிய விட்டுடாதடா, பாவம்"னு கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டாரு.

பொய்யி, புளுகுன்னு பேரு வச்சு, துறைமுகம் பூரா சொல்லிச் சிரிக்க வச்சவன் நான்தான்டா.