மெர்வுடைய ஆறு போல்ட்

தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக மாலை வெயில் பொட்டுப் பொட்டாக மெர்வுடைய டிரெய்லர்மேல் விழுந்து ஊர்கிறது. எங்கள் தெருவில் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர் எல்லாமே வீட்டில் வெல்டு வைத்தவைதான். ஒருவர் டயர் பஞ்சரானால் இன்னொருவர் சக்கரம் பொருந்தட்டும் என்று போன கோடையில் எல்லாரும் சக்கரத்தை ஐந்து போல்ட்டில் மாட்டும் ஹப்புக்கு மாறிவிட்டோம். மெர்வுடையது மட்டும் இன்னும் ஆறு. நான் கொண்டுவந்த புது ஹப், கிரீஸ் மணக்க, எங்கள் நடுவே சிவப்பு மண்ணில் கிடக்கிறது. "யோவ், உன் வண்டியே அஞ்சு போல்ட்டு. இந்த ஆறை வச்சுக்கிட்டு யாருக்குய்யா மாட்டப்போறே?" என்கிறேன். அவன் கந்தல் துணியால் ஸ்டெப்னியைத் துடைக்கிறான். ரோட்டையே பார்க்காத டயர். வெளியே யூகலிப்டஸ் மரத்தில் காக்கட்டூக் கிளிகள் கத்தி ஓய்கின்றன.

"ஐரீன் காருக்கு ஆறு," என்கிறான் கடைசியில். அவன் மனைவி அந்தக் காரில் கோபித்துக்கொண்டு பெர்த் நகரத்துக்குப் போய் இரண்டு கோடை ஆகிறது. "தெரு பூரா அஞ்சாக்கிட்டீங்க. திரும்பி வர்றப்ப அவ சரளை ரோட்டுல பஞ்சராகி நின்னா, யார் சக்கரம்யா சேரும்?"

எழுந்து போய்க் கால் பம்பை எடுத்துவந்து ஸ்டெப்னியில் மாட்டி மிதிக்கிறான். நேற்றும் காற்றடித்த டயர்தான். இரண்டு மிதிக்குமேல் இறங்க மறுக்கிறது பம்பு.