மீசை நிரபராதி

"மீசையை எடுத்தும் அழறாளே!"

கப்பல் மெக்கானிக் மகளை அவசரமாக மனைவியிடம் நீட்டினான். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்ததும்தான் குழந்தையின் அழுகை அடங்கியது. அவன் மழமழவென்றிருந்த மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆசை ஆசையாக வளர்த்த மீசை.

"அழுதது ரொம்ப நல்லது அத்தான். மீசை நிரபராதி. ஒண்ணு கழிஞ்சுது" என்றாள் மச்சினி.

அவளுக்கு வெளியூரில், ஒரு சோப்பு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அத்தானை வரவேற்பதற்காக லீவு போட்டுவிட்டு, துறைமுகத்திலிருந்து அவனோடு ஒரே டாக்சியில் வந்து இறங்கியவள். மகள் பிறந்தபோது அவன் நடுக்கடலில் இருந்தான். போனில் பார்த்துப் பார்த்து ஏங்கிய குழந்தையை வாசலிலேயே வாரி எடுத்தான். அது ஊரைக் கூட்டுகிற மாதிரி வீறிட்டது. அன்றிலிருந்து தூக்கும்போதெல்லாம் இதே கூத்துதான். நாளைக் காலையில் கப்பல் கிளம்புகிறது. மகளை ஒரு தடவைகூட ஆசை தீரக் கொஞ்சாமல் போவதா என்று அவனுக்கு ஒரே தவிப்பு.

"போகப் போகச் சரியாயிடும்ங்க" என்றாள் மனைவி.

"எப்போ? நான் திரும்பி வரும்போது இவ ஸ்கூலுக்கே கிளம்பியிருப்பா."

ஆறுதல் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஏன் அழுகிறாள் என்று கேட்டது மச்சினி ஒருத்திதான். "உங்க முகத்துக்கா, குரலுக்கா, சென்ட்டுக்கா? நாமளா ஒண்ணை நினைச்சுக்கக் கூடாது. மாத்திப் பார்ப்போம். ஆனா ஒரு தடவைக்கு ஒண்ணுதான்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

அவன் எங்கே கேட்டான்? புதுச் சட்டை போட்டு, சென்ட்டைக் கழுவிவிட்டு, குரலையும் குழைத்துக்கொண்டு வந்து நின்றான். மச்சினி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணையும் ஒண்ணா மாத்திட்டா, அவ சிரிச்சாலும் எதனால சிரிச்சான்னு எப்படித் தெரியும்? கப்பல்ல இன்ஜின் நின்னா இப்படித்தான் பார்ப்பீங்களா?"

அவன் இன்ஜினில் ஒரு திருகைக்கூட அப்படித் தொடமாட்டான். பெற்ற மகள் என்றதும் அந்தப் புத்தியெல்லாம் எங்கோ போய்விட்டது.

பிறகு ஒழுங்காகவே செய்தார்கள். சட்டையை மட்டும் மாற்றினான், அழுதாள். பழைய சட்டைக்குத் திரும்பி, சென்ட்டை மட்டும் விட்டான், அழுதாள். ஒரு வார்த்தை பேசாமல் தூக்கினான், அழுதாள். ஒவ்வொன்றும் பொய்த்தபோது அவன் முகம் தொங்கியது. மச்சினியின் முகமோ பிரகாசமானது. தான் நினைத்தது தப்பு என்று தெரிந்ததும் இவ்வளவு சந்தோஷப்படுகிற மனுஷியை அவன் இதுவரை பார்த்ததில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் அவனுக்கு அவள்மேல் மரியாதைதான் வந்தது.

இப்போது மீசையும் போயாயிற்று.

"வேற ஆம்பளைங்க தூக்கினா அழறாளாக்கா?"

"நேத்து நீங்க ரெண்டு பேரும் பிளேடு வாங்கப் போனப்போ, குழாய் ரிப்பேருக்கு ஒருத்தர் வந்தாரு. முன்னப்பின்ன தெரியாதவர். இம்மாம் பெரிய மீசை, தொண்டையும் முரட்டுத் தொண்டை. அவர்கிட்ட ஒரே தாவு. சிரிப்பு வேற!"

மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. "யாரோ ஒருத்தர்கிட்டப் போறா. பெத்த அப்பன் நான்தான் அவளுக்கு ஆகலை. விடும்மா, போதும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

மச்சினி, அக்காவின் தோளில் முகம் புதைத்திருந்த குழந்தையைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு அக்காவின் காதில் ஏதோ சொன்னாள்.

"அத்தான், கடைசியா ஒண்ணே ஒண்ணு. கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க. அக்கா குழந்தையைக் கையில கொடுப்பா."

"எதுக்குன்னு சொல்லேன்."

"சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க அதையே நினைச்சுக்கிட்டுத் தூக்குவீங்க. அப்புறம் டெஸ்ட் கெட்டுடும்."

அவன் கண்ணை மூடினான். சற்று நேரம் கழித்துக் கையில் மகளின் கனம் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். அழுகை வரவில்லை. குட்டி விரல்கள் அவன் மூக்கைப் பிடித்தன. மேலுதட்டைப் பிராண்டின. அவன் மெல்லக் கண்ணைத் திறந்தான். மகள் அவனை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தாள்.

"கண்ணை மூடினதாலயா?" என்று குரல் தழுதழுக்கக் கேட்டான்.

"இப்போ திறந்துதானே வச்சிருக்கீங்க" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தான், அழறாளா?" என்று மச்சினியின் குரல் தெருவிலிருந்து கேட்டது.

"இல்லைம்மா, சிரிக்கறா! எப்படிக் கண்டுபிடிச்சே?"

"இருங்க, ஒரு தடவை நடந்தா போதாது. மறுபடியும் பார்த்துடணும்."

மச்சினியின் தலை ஜன்னலில் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், குழந்தை வீறிட்டு, அப்பாவின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு அவன் நெஞ்சிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டது.

தலை சட்டென்று மறைந்தது. "எல்லாத்தையும் மாத்தினோம் அத்தான், ஒவ்வொரு தடவையும் எதிர்ல நின்ன என்னை மட்டும்தான் மாத்தலை!" என்று வெளியிலிருந்து உற்சாகமாகக் கூவினாள். "அவ அழுதது உங்களைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து!"