மாதிரிக் கடை

வீட்டிலிருந்து கொண்டு வந்த காலி டப்பாக்களையும் பாக்கெட்டுகளையும் அடுக்கி, பிள்ளைகள் வகுப்பில் மாதிரிக் கடை போட்டிருந்தார்கள். பொருள் வாங்குமுன் தேதி பார்க்க வேண்டும் என்பதுதான் அன்றைய பாடம்.

“டீச்சர், இவ கடையில எல்லாமே போன வருஷத்துச் சரக்கு!” என்று ஒருத்தி கத்த, வகுப்பே சிரித்தது. கடைக்காரச் சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிற்றுவலி என்று போன வாரம் முழுக்கப் பள்ளிக்கே வராத பிள்ளை அவள். மாலையிலேயே அம்மாவை வரவழைத்தார்.

“பெத்த பிள்ளைக்குக் குடுக்கிறதை ஒரு தடவை திருப்பிப் பார்க்க மாட்டீங்களா? கண்ணை எங்கம்மா வச்சிருந்தீங்க? நான் புகார் குடுக்கத்தான் போறேன்!”

“குடுங்க டீச்சர். யார் மேல குடுப்பீங்க?” அம்மாவின் குரலும் உயர்ந்தது. “இதுல ஒண்ணுகூட நான் கடையில வாங்கினதில்லை. கஷ்டப்படுற குடும்பத்துக்குன்னு எல்லார் வீட்லயும் சேர்த்து, பெட்டி கட்டி, இந்தப் பள்ளிக்கூடம் குடுத்தது. பள்ளிக்கூடத்துல குடுத்ததாச்சேன்னு நம்பித் தேதி பார்க்காம விட்டேன். அதுதான் என் தப்பு.”

அம்மா மாதிரிக் கடையிலிருந்து ஒரு டின்னை எடுத்துக் கவிழ்த்தாள்.

“இந்தப் பால் மாவு டின்னோட அடியைப் பாருங்க. வாங்கறவங்க கூச்சப்படக்கூடாதுன்னு விலையை மையால மறைச்சிருக்காங்க. எவ்வளவு நல்ல மனசு! பக்கத்துலயே இருக்கிற தேதிதான் அந்தக் கண்ணுல படலை.”

அவள் நீட்டிய டின்னை வாங்க ஆசிரியைக்குக் கை எழவில்லை. அந்த விலையை மறைத்தது அவர்தான்.