ஹைதராபாத் நகல்

"ராவ் காரு, இது இப்போ ஹைதராபாத்ல இருந்துதானே வருது?"

டயாலிசிஸ் வார்டில் சிஸ்டர் கிருபாமணி திரையைக் காட்டிக் கேட்டாள்.

"ஆமா சிஸ்டர்," என்றார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பொறுப்பாளர் சன்யாசி ராவ். அவள் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துச் சொன்னார்.

விசாகப்பட்டினத்தில் கடலை ஒட்டி இருந்த அந்த மருத்துவமனையில், டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் முன்னால் இருந்தவை வெறும் திரைகள்தான். நோயாளிகளின் விவரம், மருந்துப் பட்டியல் எல்லாம் கீழ்த்தளத்து சர்வர் அறையில் இருந்தன. அவற்றின் நகல் மணிக்கொரு தரம் ஹைதராபாத் கிளையில் இருக்கும் இயந்திரங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இங்கே வெள்ளம் புகுந்தால் உடனே அங்கிருந்து வேலையைத் தொடரலாம். வங்கக் கடலில் புயல் உருவாகியிருந்ததால், எல்லாருடைய திரைகளையும் ஹைதராபாத் இயந்திரங்களோடு இணைத்துப் பார்க்க அன்று காலை ஒத்திகை வைத்திருந்தார்கள்.

"போன புயல்ல ரெண்டு நாள் கம்ப்யூட்டர் இல்ல," என்றாள் கிருபாமணி. "பெட் நம்பர் நாலு, பைடிராஜு தாத்தா. அவருக்கு ஒரு மருந்து ஒத்துக்காதுன்னு கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருந்துச்சு. தெரியாம அதையே ஊசி போட்டது நான். பிழைச்சுக்கிட்டார், ஆனா அன்னைக்கு அவர் மூச்சுக்குத் தவிச்சது இன்னும் கண்ணுல நிக்குது. இந்தத் தடவை நீங்க இருக்கீங்க. நிம்மதியா தூங்குவேன்."

ராவ் தலையாட்டிவிட்டு வேகமாக வெளியே வந்தார்.

நகல் போவது நின்று மூன்று மாதமாகிவிட்டது. ஜூலையில் ஒரு நாள் அவர் சர்வரில் ஏதோ ஓர் அமைப்பை மாற்றினார். மறுநாள், நகல் போகவில்லை என்று திரையில் சிவப்புக் கோடு. தான்தான் கெடுத்துவிட்டோம் என்று புரிந்தது. யாருக்கும் தெரிவதற்குள் சரி செய்துவிடலாம் என்று நான்கு நாள் போராடினார். ஐந்தாம் நாள் மேலிடம் கேட்டபோது, "எல்லாம் நல்லா போகுது" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

இன்றைக்கும் அதே கதைதான். எல்லாருடைய திரைகளையும் இதே கட்டடத்துச் சர்வரிலேயே விட்டுவிட்டு, மேலே வரும் பெயரை மட்டும் 'ஹைதராபாத்' என்று மாற்றி வைத்திருந்தார்.

பதினொரு மணிக்கு சூப்பரின்டென்டன்ட் டாக்டர் அன்னபூர்ணாவின் அறையில் எல்லாரும் கூடினார்கள். டாக்டர் ஹைதராபாத்தைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். ராவ் கதவோரம் நகர்ந்தார். இங்கே எத்தனை பொய் சொன்னாலும், அங்கே சுகுணா என்று ஒருத்தி பொறுப்பில் இருக்கிறாள். காலையிலிருந்து ஒருவர்கூட உள்ளே வரவில்லை என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

"சுகுணா, எங்க ஆளுங்க எத்தனை பேர் அங்க வந்தாங்க?"



"எல்லாரும் வந்துட்டாங்க மேடம். நூத்தி எண்பத்திநாலு பேரும். ஒரு பிரச்சினையும் இல்ல."

அறையில் கை தட்டினார்கள். டாக்டர் அன்னபூர்ணாவே, அந்தப் பக்கத்தில் பேர்போன மாடுகுல ஊர் அல்வாவை ராவின் கையில் வைத்தார். "ராவ் காரு, புயல் வரட்டும். நாம தயார்."

அல்வாவை ராவ் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பாராட்டு ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்த அறையாக இருந்தது. தனக்காக, முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண் பொய் சொல்லியிருக்கிறாள். நாளைக்குப் புயல் அடித்தால் அவள் வேலையும் போய்விடும். கிருபாமணி மறுபடியும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுவாள்.

ராவ் மாடிப்படிக்கு வந்து சுகுணாவுக்குப் போன் செய்தார்.

"மேடம், நான் இப்போ டாக்டரம்மாகிட்ட போய் உண்மையைச் சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்."

"என்ன உண்மை, ராவ் காரு?" என்று அவசரமாகக் கேட்டாள்.

"இன்னைக்கு ஒருத்தர்கூட உங்க பக்கம் வரல. அது உங்களுக்கே தெரியும். மூணு மாசமா இங்கேருந்து ஒரு எழுத்துகூட வரல. நான் எதுலயோ கையை வச்சுக் கெடுத்துட்டேன். தினமும் 'நகல் போய்ச் சேர்ந்தது'ன்னு உங்களுக்கு மெயில் போட்டேனே, அத்தனையும் பொய். என்னைக் காப்பாத்த நீங்க எதுக்கு மேடம் பொய் சொன்னீங்க? எனக்கு வெக்கமா இருக்கு. உங்க பேர் இதுல வராம நான் பார்த்துக்கிறேன்."

அழுகிறாள் என்று தெரிந்தது.

"நீங்க எதையும் கெடுக்கல, ராவ் காரு," என்றாள் சுகுணா. "ஜூலையில மேல் மாடித் தண்ணித் தொட்டி உடைஞ்சு, இங்க இருந்த எல்லா மெஷினும் நனைஞ்சு வீணாப் போச்சு. புதுசு வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு எங்க மேனேஜர் சொல்லிட்டார், இன்னும் வரல. நான் காலி அறையிலதான் உக்காந்திருக்கேன். போய்ச் சேர்ந்தது, போய்ச் சேர்ந்ததுன்னு நீங்க தினமும் எழுதுறப்போ, என் மானத்தைக் காப்பாத்தத்தான் எழுதுறீங்கன்னு இத்தனை நாளும் உங்களைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்."