பெட்ரோல் மூடி

பெரம்பலூரிலிருந்து கிளம்பிய கார், அரியலூர் ரோட்டில் மறுபடியும் குலுங்கி, இருமி, நின்றது.

"ரயிலடியில என் சம்பந்தி காத்து நின்னாருன்னா, நாளைக்கு எனக்கு வேற டிரைவர்தான்டா!" பின் சீட்டிலிருந்து பண்ணையார் அமிர்தலிங்கம் சீறினார்.

டிரைவர் பூமாலைக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வாரமாக இதே கூத்து. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். குழாயை வாயால் ஊதினான். பம்ப்பைப் பிரித்து மாட்டினான். கிளம்பும்போது நன்றாக ஓடும். கொஞ்ச தூரம் போனதும் பெட்ரோல் வராமல் இன்ஜின் உதறி அடங்கிவிடும்.

"பெட்ரோல் இருக்காடா? இல்ல, வித்துத் தின்னுட்டியா?"

யுத்த காலத்து ரேஷன் பெட்ரோல்! பூமாலை பல்லைக் கடித்துக்கொண்டு டாங்க் மூடியைத் திருகினான். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. மூடாமலே ஹாண்டிலைச் சுற்றினான். இன்ஜின் சீராக ஓடியது. இறுக்கி மூடினான். சற்று நேரத்தில் உதற ஆரம்பித்தது.

மூடியைக் கழற்றிப் புரட்டினான். காற்றுக்காக விட்டிருந்த ஊசித்துளையை உட்பக்கமாக அரக்கு அடைத்திருந்தது.

"காத்து உள்ள போனாத்தாங்க பெட்ரோல் வெளிய வரும். யாருங்க இதை அடைச்சது?"

"நான்தான். அது வழியா நீ உறிஞ்சிட்டா?"

"அதுல குண்டூசிதாங்க நுழையும்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

அரியலூர்ப் பக்கம் ரயில் கூவியது. பண்ணையார் அதைக் காதில் வாங்கவில்லை.

"நல்லா கேட்டே! பூட்டு போட்டதைத் திருடன்கிட்டயே சொல்லுவாங்களா?"